65 பவுண்ட் வண்டி, 27 சென்ட் மீதி

முதுகில் ஒரு பை, கையில் சொற்பப் பணம், திரும்பும் தேதி குறிக்காத பயணம் என்று நாடு விட்டு நாடு சுற்றுவதற்கு ஆங்கில வழக்கில் 'பேக்பேக்கிங்' என்று பெயர். தமிழில் இதை முதுகுப்பைப் பயணம் எனலாம். அறையை முன்பதிவு செய்யாமல், போய்ச் சேர்ந்த ஊரில் கிடைத்த மலிவான விடுதியில் தங்கி, உள்ளூர்க்காரர்கள் ஏறும் பேருந்திலும் ரயிலிலும் ஏறி, அவர்கள் உண்ணும் கடையிலேயே உண்டு, பிடித்துப்போன ஊரில் பத்து நாள் கூடுதலாக இருந்துவிட்டு நகர்வது இதன் இயல்பு. சுற்றுலா செல்பவருக்கு விடுமுறை நாட்கள் குறைவு என்பதால் அவர் நாளை மிச்சப்படுத்தப் பணத்தைச் செலவழிக்கிறார்; முதுகுப்பைப் பயணியிடம் நாட்கள் நிறையவும் பணம் குறைவாகவும் இருப்பதால் அவர் பணத்தை மிச்சப்படுத்த நாளைச் செலவழிக்கிறார். விமானத்தில் சில மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைப் பேருந்தில் மூன்று நாள் உட்கார்ந்து கடப்பது அவருடைய கணக்கில் நஷ்டமாக எழுதப்படுவதில்லை. சத்திரங்களை நம்பிக் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் மாதக்கணக்கில் நடந்த யாத்திரிகர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல. புண்ணியம் தேடாமல், ஊர் பார்ப்பதற்கென்றே கணவனும் மனைவியும் இளவயதில் இப்படிக் கிளம்புவதுதான் புதிதாகத் தோன்றக்கூடும்.

இவ்வகைப் பயணம் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பெருகியதற்கு மிகச் சாதாரணமான சில பொருள்கள் துணை நின்றன. முதலாவது படுக்கை. மாணவர்களை நெடுநடைக்கு அழைத்துச் சென்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான், இரவில் தங்க மலிவான இடம் இல்லாத குறையைத் தீர்க்க முனைந்ததன் பயனாக ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் 1912இல் நிரந்தரமான முதல் 'யூத் ஹாஸ்டல்', அதாவது இளைஞர் விடுதி, உருவாயிற்று; ஒரே கூடத்தில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை, வாடகை அறைக்கு அல்லாமல் கட்டிலுக்கு என்ற இந்த ஏற்பாடு ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூடங்கள் என்பது பழைய விடுதிகளின் கண்டிப்பான விதியாதலால், தம்பதியர் இரவில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய்க் காலையில் உணவு மேசையில் சந்திக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டாவது பை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி, அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்ய, அவருடைய மனைவி நேனா வீட்டிலிருந்தபடியே பைகளைத் தைத்துக் கொடுக்க, 1950களின் தொடக்கத்தில் அவர்கள் விற்கத் தொடங்கிய பையில் தோளில் தொங்கும் பாரம் இடுப்புப் பட்டைக்கு இறக்கப்பட்டது. நாள் முழுவதும் மூட்டை சுமப்பவர் யாரும் இந்த மாற்றத்தின் அருமையை உணர்வர். மூன்றாவது பயணச்சீட்டு. ஐரோப்பிய ரயில்வேக்கள் சேர்ந்து 1972இல் அறிமுகப்படுத்திய 'இன்டர்ரெயில்' என்ற சீட்டை வாங்கிய 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரால், அன்று ஒரு மாத காலம் 21 நாடுகளின் ரயில்களில் விருப்பம்போல் ஏறி இறங்க முடிந்தது.

ஆசியாவில் அப்படி ஒரே சீட்டில் பல நாடுகளைக் கடக்கும் வசதி இருக்கவில்லை; இருந்தது ஒரு சாலை. லண்டனிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவைக் கடந்து, இஸ்தான்புல், எர்சுரும், தப்ரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தகார், காபூல், பெஷாவர், லாகூர், அமிர்தசரஸ் என்று நீண்டு டெல்லிக்கும் காட்மாண்டுவுக்கும் சென்று சேர்ந்த இத்தரைவழியைப் பிற்காலத்தார் 'ஹிப்பி டிரெயில்', அதாவது ஹிப்பிகளின் தடம், என்று அழைத்தனர். லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே 1957இல் 'இந்தியாமேன்' என்ற பேருந்து ஓடத் தொடங்கியதிலிருந்தே இவ்வழியில் வெளிநாட்டு இளைஞர்களின் நடமாட்டம் இருந்துவந்தது. அதே 1957இல் இஸ்தான்புல்லின் சுல்தான் அகமது பகுதியில் திறக்கப்பட்ட லாலே என்ற உணவகம், அங்கு விற்ற இனிப்புப் பண்டத்தால் 'புட்டிங் ஷாப்' என்று பெயர்பெற்றுப் பயணிகளின் கூடுமிடமாயிற்று. அதன் சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையில், டெல்லிக்குப் போகும் வண்டியில் இரண்டு இடம் காலி என்பது போன்ற சீட்டுகள் குத்தப்பட்டிருந்தன. இந்தத் தடத்தில் சென்றவர்கள் அனைவரும் கஞ்சாவுக்காகவும் குருமார்களுக்காகவும் சென்றவர்கள் என்ற எண்ணம் இன்றும் உண்டு. அவ்வகையினர் கணிசமாக இருந்தது உண்மையாயினும், படிப்பை முடித்துவிட்டு வேலையில் சேர்வதற்கு முன் ஓராண்டு உலகம் பார்க்கக் கிளம்பியவர்களும் அதே பேருந்தில்தான் இருந்தார்கள். அவ்வாறு கிளம்பியவர்களில் பின்னாளில் மிகவும் அறியப்பட்ட தம்பதியர் டோனி வீலரும் மொரீன் வீலரும்.

டோனி 1946இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை விமான நிறுவனத்தில் பணியாற்றியதால் சிறுவயதிலேயே கராச்சி உள்ளிட்ட பல ஊர்களில் வளர்ந்து, பொறியியல் படித்து மோட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்து, பின்னர் லண்டனில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றவர். மொரீன் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்து இருபது வயதில் லண்டனுக்கு வேலை தேடி வந்தவர். 1970 அக்டோபர் 7ஆம் தேதி லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவின் பெஞ்சு ஒன்றில் இருவரும் சந்தித்தபோது டோனியின் கையில் கார்ப் பத்திரிகையும் மொரீனின் கையில் டால்ஸ்டாயின் நாவலும் இருந்தன. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் திருமணம் நடந்தது. ஃபோர்டு நிறுவனம் டோனிக்கு வேலை தருவதாக இருந்தது. அதில் சேர்வதை ஓராண்டு தள்ளிப்போட்டு, ஊர் சுற்றும் ஆசையை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டு வந்து குடும்பம் நடத்துவது என்பது திட்டம். தீர்த்துவிடலாம் என்று நினைத்த அந்த ஆசைதான் பின்னர் அவர்களுக்கு முப்பத்தைந்து ஆண்டுத் தொழிலாயிற்று.

1972 ஜூலையில் லண்டனிலிருந்து அவர்கள் கிளம்பிய வண்டி, 65 பவுண்டுக்கு வாங்கிய பழைய மினிவேன். மினி என்ற சிறிய காரின் பின்பக்கத்தைச் சரக்கேற்றுவதற்காகப் பெட்டிபோல் நீட்டிய இவ்வண்டி, பயணச்சீட்டுக்கும் படுக்கைக்கும் சேர்த்துச் செலவைக் குறைத்தது. காசு கொடுத்து அறை எடுக்கத் தேவையில்லாத ஒவ்வோர் இரவும் பயணத்தை இன்னொரு நாள் நீட்டித்தது. ஆசியாவை ஐரோப்பாவுடன் இணைக்கும் போஸ்பரஸ் பாலம் 1973 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது என்பதால், அதற்கு முன் சென்றவர்கள் வண்டியைப் படகில் ஏற்றி ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்குக் கடந்தனர். துருக்கியின் கிழக்கெல்லையில் அராரத் மலையைப் பார்த்தபடி ஈரானுக்குள் நுழைந்து, மஷ்ஹத் வழியாக ஆப்கானிஸ்தானின் ஹெராத்தை அடைந்தால், அங்கிருந்து காந்தகார் வரை சோவியத் யூனியன் போட்டுக் கொடுத்த கான்கிரீட் சாலையும், காந்தகாரிலிருந்து காபூல் வரை அமெரிக்கா போட்டுக் கொடுத்த தார்ச்சாலையும் இருந்தன. பனிப்போரின் இரண்டு எதிரிகள் போட்டி போட்டுச் செய்த உதவியின் மேல் மூன்றாம் நாட்டு இளைஞர்கள் சொகுசாக வண்டி ஓட்டிச் சென்றார்கள் என்பது அன்றைய ஆப்கானிஸ்தானுக்கு மட்டுமே உரிய வேடிக்கை.

காபூலில் வீலர் தம்பதியர் வண்டியை விற்றுவிட்டு, அதன்பின் பேருந்து, ரயில், படகு, பிறர் வண்டி என்று கிடைத்ததில் ஏறிச் சென்றனர். இவ்வழியில் வண்டியோடு செல்பவர்களுக்கு 'கார்னே' எனப்படும் சுங்கப் பத்திரம் ஒரு சுமையாக இருந்தது. வண்டியை நாட்டுக்குள் கொண்டுவந்து விற்காமல் வெளியே எடுத்துச் செல்வேன் என்பதற்கான உறுதிப் பத்திரமான இதற்குத் தாய்நாட்டில் பெருந்தொகை ஈடு காட்ட வேண்டியிருந்தது. காபூலைத் தாண்டிக் கைபர் கணவாயின் தலைவாசலான தோர்காம் எல்லையில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஆப்கானிஸ்தானில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுபவை, பாகிஸ்தானில் இடப்பக்கம் ஓடுபவை. ஆகவே மலைப்பாதையின் நடுவே, எல்லைக் கோட்டைத் தாண்டிய கணத்தில், ஓட்டுநர் பக்கம் மாற வேண்டும்.

அக்காலப் பயணியின் கைப்பையில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக முக்கியமானது ஒரு மஞ்சள் நிறச் சிறு புத்தகம். பெரியம்மைக்கும் காலராவுக்கும் தடுப்பூசி போட்டதற்கான சர்வதேசச் சான்றிதழான அது இல்லாவிட்டால் எல்லையில் உள்ளே விடமாட்டார்கள். வீலர் தம்பதியர் கிளம்பிய ஆண்டின் தொடக்கத்தில்தான் யூகோஸ்லாவியாவில் பெரியம்மை பரவி ஐரோப்பாவையே கலங்கடித்திருந்தது, ஆகவே அதிகாரிகள் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோக அஞ்சியவர்கள் 'டிராவலர்ஸ் செக்' எனப்படும் பயணிகள் காசோலையை வாங்கிக்கொண்டனர்; வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது வங்கி எழுத்தர் முன்னால் இன்னொரு கையெழுத்து என்று இரண்டும் ஒத்திருந்தால்தான் பணம் கிடைக்கும் என்பதால், திருடு போனாலும் முழுத்தொகையும் போய்விடாது. வீட்டிலிருந்து வரும் கடிதங்களுக்கு 'போஸ்ட் ரெஸ்தாந்த்' என்ற ஏற்பாடு இருந்தது: பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிப் போட்ட கடிதத்தை அவ்வூரின் தலைமைத் தபால் நிலையம் வைத்திருந்து, பாஸ்போர்ட்டைக் காட்டுபவரிடம் கொடுக்கும். கடிதங்கள் எழுத்து வரிசைப்படி மரப்பெட்டி அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் முதன்மை, நமக்கோ சொந்தப் பெயர் முதன்மை என்பதால், டெல்லிக்கும் மதராசுக்கும் வந்த கடிதத்தை எந்த அறையில் தேடுவது என்பதில் குழப்பம் வரும். அனுபவப்பட்ட பயணிகள் இரண்டு அறைகளையும் பார்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கடிதம் இல்லை என்ற பதிலை நம்பினார்கள்.

தனியாகச் செல்பவருக்கும் தம்பதியராகச் செல்பவருக்கும் இந்தப் பயணத்தில் உள்ள வேறுபாடு பெரிது. ஆசியாவின் சிறிய லாட்ஜுகளில் வாடகை பெரும்பாலும் அறைக்கே என்பதால் இருவர் தங்கினாலும் செலவு ஏறக்குறைய ஒருவருக்கு ஆவதுதான். ஒருவர் பைகளைக் காவல் காக்க மற்றவர் டிக்கெட் வரிசையில் நிற்கலாம். ஒருவருக்கு வயிறு கெட்டால் மற்றவர் கஞ்சி தேடிப் போகலாம். பெண்ணுக்கோ இது செலவுக் கணக்கையும் தாண்டிய விஷயம். துருக்கியின் கிழக்குப் பகுதியிலிருந்து பாகிஸ்தான் வரை தனியே செல்லும் மேலைநாட்டுப் பெண் பேருந்திலும் கடைத்தெருவிலும் பட்ட தொல்லைகள் அக்காலப் பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கணவன் பக்கத்தில் நின்றால் தொல்லை குறைந்தது, ஆனால் கேள்விகளெல்லாம் கணவனிடமே கேட்கப்பட்டன, மனைவி அங்கே இருப்பதையே யாரும் காணாதது போல நடந்துகொண்டார்கள். மறுபுறம், அந்நிய ஆண் எட்டிப்பார்க்கவே முடியாத அந்தப்புரத்துக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் பெண் பயணி வரவேற்கப்பட்டாள் என்பதால், ஒரே ஊரைக் கணவனும் மனைவியும் இரு வேறு ஊர்களாகக் கண்டு வர வாய்ப்பிருந்தது. இதையெல்லாம் விடக் கடினமானது, நாள்தோறும் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையிருப்பு குறையக் குறையப் பொறுமையும் குறைந்துவரும் நிலையில், இன்றைக்கு டீ குடிக்கலாமா வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவெடுப்பது. திருமணமான முதலாண்டிலேயே இந்தத் தேர்வை எழுதிவிட்ட தம்பதியர் பிற்காலத்தில் கூட்டாகத் தொழில் நடத்தியதில் வியப்பில்லை.

இந்தியாவையும் நேபாளத்தையும் கடந்தவர்கள் கிழக்கே போக நினைத்தால் அங்கே தரைவழி முடிந்துவிடும். பர்மா தன் நில எல்லைகளை வெளிநாட்டவருக்கு அடைத்து வைத்திருந்தது. விமானத்தில் ரங்கூனுக்கு வருபவர்களுக்கு மட்டும் ஏழு நாள் விசா கொடுத்தது. எனவே கல்கத்தாவிலிருந்து விமானம் ஏறிப் பாங்காக்கில் இறங்குவது பெரும்பாலோரின் வழக்கம். விமானச் செலவுக்கு யோசித்தவர்களுக்கு இருந்த மாற்றுவழி தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்தது: மதராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜூலா' கப்பல். 1926இல் கட்டப்பட்டு, தோட்டத் தொழிலாளர்களையும் வணிகர்களையும் அவர்தம் குடும்பங்களையும் பல பத்தாண்டுகள் சுமந்த இக்கப்பலின் அடித்தளத்தில், 1970களின் தொடக்கத்தில் நீள்முடியும் முதுகுப்பையுமாக ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் மலேயாத் தமிழர்களோடு பாய் விரித்துப் படுத்துச் சென்றனர். 1973இல் அது இவ்வழியிலிருந்து விலக, அதன் இடத்துக்கு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. தெற்கே இலங்கைக்குப் போக விரும்பியவர்களுக்கு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் படகு இருந்தது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னும் இந்தச் சேவை ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்ததால், லண்டனிலிருந்து கொழும்பு வரை ஏறக்குறைய முழுவதும் தரையிலும் நீரிலுமாகவே சென்றுவிட முடிந்தது.

வீலர் தம்பதியர் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று இறங்கிப் பாலித் தீவை அடைந்து, அங்கிருந்து நியூசிலாந்துக்காரர் ஒருவரின் பாய்மரப் படகில் ஏறி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள எக்ஸ்மவுத் என்ற சிற்றூரில் கரையேறினர். அங்கிருந்து சிட்னி, கண்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்டு, மரமே இல்லாத நல்லர்பார் சமவெளியைக் கடந்து, 1972 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் சிட்னியை அடைந்தனர். நல்லர்பார் நெடுஞ்சாலை முழுவதும் தார் போடப்பட்டது 1976இல்தான் என்பதை நினைவில் கொண்டால் அந்தக் கடைசிக் கட்டத்தின் புழுதி விளங்கும். இருவரிடமுமாகச் சேர்ந்து மீந்திருந்தது 27 சென்ட். டோனியின் கேமரா அடகுக் கடைக்குப் போனது.

வேலை தேடிக்கொண்டு, ஊர் திரும்பப் பணம் சேர்க்கத் தொடங்கிய அவர்களிடம் சந்தித்தவர்களெல்லாம் ஒரே கேள்விகளைக் கேட்டனர்: எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவாயிற்று, எங்கே தங்கினீர்கள்? ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பத் தாளில் எழுதிக் கொடுத்த பதில்களிலிருந்து பிறந்ததுதான் 1973இல் வெளிவந்த 'அக்ராஸ் ஏசியா ஆன் த சீப்', அதாவது ஆசியாவைச் சல்லிசாகக் கடப்பது எப்படி என்ற கையேடு. நூறு பக்கத்துக்கும் குறைவான அந்நூலின் தாள்களைச் சமையலறை மேசையில் இருவருமே அடுக்கி, விளிம்பு வெட்டி, பின்னடித்து 1500 படிகள் தயாரித்தனர். விலை ஒரு டாலர் எண்பது சென்ட். கடைகடையாகத் தூக்கிச் சென்று கொடுத்த முதல் பதிப்பு விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. பதிப்பகத்துக்கு வைத்த 'லோன்லி பிளானட்' என்ற பெயர், ஒரு திரைப்படத்தில் கேட்ட 'ஸ்பேஸ் கேப்டன்' என்ற பாடலில் கோளுக்கு அடையாக வரும் 'லவ்லி' என்ற சொல்லை டோனி 'லோன்லி' என்று தவறாகக் கேட்டதன் விளைவு. அழகிய கோள் தனிமைக் கோளாயிற்று, அந்தப் பெயரே நிலைத்தது.

இத்தகைய கையேடு இதற்கு முன்னும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. லண்டனில் 'பிட்' என்ற தகவல் மையம், போய்த் திரும்பியவர்களின் கடிதங்களைத் தொகுத்து உருட்டச்சில் அடித்துக் கொடுத்த தரைவழிக் குறிப்புகள் ஏற்கெனவே புழங்கின. அவற்றைத் தொகுத்த ஜெஃப் கிரவுதர் பின்னாளில் வீலர்களுக்கே நூல்கள் எழுதினார். வீலர்களின் நூலில் புதிதாக இருந்தது, பொறியாளரின் கணக்குப் புத்தியும் கையில் காசில்லாதவரின் கூர்மையும் கலந்த பார்வை. கையில் காசு உள்ளவருக்கு எல்லைச் சாவடியில் எந்த வங்கி நல்ல மாற்றுவிகிதம் தருகிறது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் மலிவாகச் சாப்பிடலாம் என்பதெல்லாம் தெரிய வேண்டிய தேவை இல்லை. அந்த அறிவு வறுமையால் மட்டுமே கிடைப்பது, அதைச் சேகரித்தவர்களுக்கு அதுவே முதலாயிற்று.

1974இல் அவர்கள் மோட்டார் சைக்கிளில் தென்கிழக்கு ஆசியாவை ஓராண்டு சுற்றி, சிங்கப்பூரின் சந்து ஒன்றிலிருந்த சீன ஓட்டல் அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய 'சவுத் ஈஸ்ட் ஏசியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' 1975இல் வெளிவந்தது. மஞ்சள் அட்டை போட்ட அந்நூலைப் பயணிகள் மஞ்சள் பைபிள் என்று அழைத்தனர். 1981இல் கிரவுதர், பிரகாஷ் ராஜ், டோனி ஆகியோர் எழுதிய சுமார் 700 பக்க இந்தியக் கையேடு, அதுவரை சிறிய பதிப்பகமாக இருந்ததைக் கவனிக்கத்தக்க நிறுவனமாக உயர்த்தியது. மொரீன் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பின், கைக்குழந்தையோடு ஆசியாவில் எப்படிப் பயணம் செய்வது என்று 1985இல் 'டிராவல் வித் சில்ட்ரன்' என்ற நூலை எழுதினார். முதுகுப்பைப் பயணம் கல்யாணத்தோடு முடிந்துவிடும், குழந்தையோடு நிச்சயம் முடிந்துவிடும் என்ற பொதுக் கருத்துக்கு எழுத்தில் வந்த முதல் மறுப்புகளில் அதையும் சேர்க்கலாம். நிறுவனத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டோனியின் ஊர்சுற்றலிலேயே நின்றுவிடுகிறார்கள். கணக்கு, ஆட்கள், அலுவலகம் என்ற பாரத்தில் பெரும்பங்கு மொரீனின் தோளில் இருந்தது.

கையேடு பெருகப் பெருக அது விவரித்த ஊர்களும் மாறின. ஓர் ஊரில் மூன்று விடுதிகளின் பெயர் அச்சில் வந்துவிட்டால், அடுத்த பருவத்தில் அந்த மூன்றிலும் இடம் கிடைக்காது, வாடகை ஏறும், பக்கத்துத் தெருவில் அதே பெயரை ஓரெழுத்து மாற்றி நான்காவது விடுதி முளைக்கும். தென்கிழக்கு ஆசியாவில் எந்த ஊருக்குப் போனாலும் பயணிகள் தங்கும் தெருவில் வாழைப்பழம் வைத்த தோசை போன்ற பான்கேக் கிடைத்ததால், அந்த வழிக்கே 'பனானா பான்கேக் டிரெயில்' என்ற கிண்டல் பெயர் வந்தது. கூட்டத்தை விட்டு விலகிப் போவதற்கென்று எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். பர்மாவில் ராணுவ ஆட்சி நடந்தபோது அந்நாட்டுக்குக் கையேடு வெளியிடலாமா என்ற கேள்வி எழுந்து, 2000இல் பிரிட்டனில் சில அமைப்புகள் நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொன்னதும் நடந்தது. சிறு விடுதி நடத்தும் எளியவரின் கையில் நேரே சேரும் காசைக் கொண்டு செல்லும் பயணி ஆட்சிக்கு உதவுகிறாரா, மக்களுக்கு உதவுகிறாரா என்ற அந்த விவாதத்தில் இரு தரப்பும் சொன்னதில் பொருள் இருந்தது.

வீலர்கள் முதலில் சென்ற சாலையோ அவர்களுடைய தொழில் வளர்வதற்குள் மூடப்பட்டது. 1979 பிப்ரவரியில் ஈரானில் புரட்சி வென்றது, அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. இரண்டு நாடுகள் ஒரே ஆண்டில் கைநழுவியதும், இஸ்தான்புல்லிலிருந்து டெல்லிக்குப் போய்வந்த பேருந்துகள் தொழிலை இழந்தன. புட்டிங் ஷாப் மட்டும் அதே இடத்தில் இன்றும் நடக்கிறது. நிறுவனத்தின் 75 விழுக்காட்டுப் பங்கை வீலர்கள் 2007இலும் மீதியை 2011இலும் பிபிசியின் வணிகப் பிரிவுக்கு மொத்தம் சுமார் 130 மில்லியன் பவுண்டுக்கு விற்றனர். பிபிசி அதை 2013இல் சுமார் 51 மில்லியன் பவுண்டுக்கே விற்க நேர்ந்தது. அதற்குள் கைபேசி வந்து, விடுதியின் பெயரையும் வழியையும் வாடகையையும் இலவசமாகச் சொல்லத் தொடங்கியிருந்தது. பிறர் சொல்லித் தெரியாத ஊரின் முகவரிக்கு விலை இருந்த காலத்தின் கடைசி ஆண்டுகளில் அவர்கள் விற்றுவிட்டார்கள் என்பதில் பழைய சிக்கனக்காரரின் சமயோசிதம் தெரிகிறது.

65 பவுண்ட் வண்டியில் கிளம்பியவர்களிடம் இருந்த மிகப் பெரிய சொத்து வண்டியோ பணமோ அன்று, அவர்களுடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அதே 1972இல் சென்னையிலிருந்து ஓர் இளம் தம்பதி மறுதிசையில் லண்டனுக்கு இப்படிக் கிளம்ப நினைத்திருந்தால், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கியின் 'பி' படிவ அனுமதி வேண்டும். கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது ஆளுக்கு எட்டு டாலர். இன்று ஓர் இந்தியர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல விதி இடம் தருகிறது என்றாலும், தடை வேறு வடிவில் நிற்கிறது. எல்லைச் சோதனை இல்லாமல் இணைந்த ஷெங்கன் வட்டாரத்தின் 29 ஐரோப்பிய நாடுகளுக்குள் நுழைய விசா கேட்கும் இந்தியத் தம்பதி, போகும் டிக்கெட், திரும்பும் டிக்கெட், ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்துக்கான முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான காப்பீடு, சில மாத வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கோப்பாக அடுக்கிக் காட்ட வேண்டும். திட்டமிடாமல் போவதே இலக்கணமான பயணத்துக்கு அனுமதி கேட்கும்போது நாள்வாரியாகத் திட்டம் தர வேண்டியிருப்பதால், பலர் ரத்து செய்யத்தக்க முன்பதிவுகளை விசாவுக்காகச் செய்து, விசா கையில் வந்தபின் அவற்றை ரத்து செய்துவிட்டுத் தங்கள் விருப்பப்படி கிளம்புகிறார்கள். இந்தக் கோப்புத் தொல்லையே இந்திய முதுகுப்பைத் தம்பதியரைப் பெரும்பாலும் கிழக்கே திருப்புகிறது: 2023இன் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியருக்கு விசா இன்றி நுழைய இடமளித்தன; ரஜூலா கப்பல் சென்ற திசையில் இன்று திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மலிவுக் கட்டண விமானங்கள் செல்கின்றன.

தரைவழியே மேற்கே போகும் வாய்ப்பு இந்தியருக்கு அன்றும் இன்றும் வாகா எல்லையிலேயே முடிந்துவிடுகிறது. கிழக்கே மணிப்பூரிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்துக்குப் போடப்படும் முத்தரப்பு நெடுஞ்சாலை இன்னும் முழுமை பெறவில்லை. கடல் வழியில் மட்டும் ஒரு சிறு மாற்றம் நேர்ந்திருக்கிறது: தலைமன்னார்ப் படகு 1984இல் நின்றுபோன பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்த தமிழக–இலங்கைப் பயணத் தடத்தில், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் விடப்பட்டு, விரைவில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடல் அனுமதித்தால் சுமார் நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் சேவை நிறுத்தப்படும். காலையில் நாகை துறைமுகத்தில் பைகளை எடை போட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, மதியம் காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.